சின்ன ர, பெரிய ற

உருளைக்காரன் தன் மகளின் பேரைச் சொன்னால், எழுதுகிறவர்கள் எல்லாரும் பேனாவை நிறுத்திவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். சின்ன ர-வா, பெரிய ற-வா? தடுப்பூசி போடுகிற இடத்தில் கேட்டார்கள். மருந்துக் கடையில் கேட்டார்கள். எல்லாருக்கும் வாயில் இரண்டும் ஒன்றுதான், காகிதத்தில்தான் வேறு. உருளைக்காரனுக்கு மட்டும் அந்தக் கேள்வி அலுத்ததே இல்லை. "பெரிய ற" என்பான். அதோடு விடமாட்டான். "மாறாதவங்கற அர்த்தத்துல" என்று சேர்த்துக்கொள்வான். அவசரத்தில் இருக்கிற ஆட்களுக்கு அர்த்தம் எதற்கு? ஆனாலும் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது.

உருளைக்காரன் என்றால் உருண்டையான ஆள் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆள் ஒட்டடைக்குச்சி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், புகைபோக்கி வைத்த சலவைக்கூடத்தில் சூட்டு உருளைக்கு நிற்கிற வேலை அவனுக்கு. துவைத்துப் பிழிந்த விரிப்புகளை இந்தப் பக்கம் உருளைகளுக்கு நடுவே கொடுத்தால், அந்தப் பக்கம் ஆவி பறக்க விறைப்பாக வந்து விழும். கொடுக்கிற விரலைக் கொஞ்சம் அதிகம் நீட்டினால் விரலும் கூடவே போகும். அங்கே வேலை பார்க்கிறவர்கள் யார் முன்கையிலும் ரோமம் கிடையாது. எத்தனை குளித்தாலும் சவுக்காரமும் மருந்தும் கலந்த ஒரு வாடை மட்டும் உடம்பை விட்டுப் போகாது.

விரிப்பை மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, நடந்து வந்து கைக்குக் கை கொடுக்க வேண்டும். உருளைக்கு அந்தப் பக்கம் அவனோடு மடித்தவள்தான் பிறகு அவனுக்கு மனைவியானாள். நாள் முழுக்க நெருங்கி நெருங்கி வந்தால் வேறென்ன ஆகும் என்று கூடத்தில் கேலி பேசினார்கள். அவள் வீட்டில் ஒப்பவில்லை. வேதம் வாசிக்கிற கிறிஸ்தவக் குடும்பம். இவனோ வேறு சாமி கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை, அதையும் ஒழுங்காகக் கும்பிடாதவன். அவள் பிடித்த பிடியில் நின்று கட்டிக்கொண்டாள். தலைமாட்டில் வேதத்தை வைத்துக்கொண்டாளே தவிர, ஒரு நாளும் அவனை அதைப் படிக்கச் சொன்னதில்லை.

முதலில் பிறந்தது பையன். இரண்டு வயதுக்குள் கீழே வாசல் கதவு திறக்கிற சத்தத்தைக் கேட்டே அப்பா வருவதைக் கண்டுபிடிக்கிற சூட்டிகை. ஒரு சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னாள். இவன் அன்றைக்கு இரண்டு ஷிப்ட் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, கால் இரண்டும் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தான். "காலையில பாத்துக்கலாம், எப்படியும் அங்கதானே போகப்போறோம்" என்றான். யோசித்துப் பார்த்தால் நியாயமான பேச்சுதான். விடிவதற்குள் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அத்தோடு முடிந்தது.

அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால், கன்னத்தில் அறைந்திருந்தால், அவனுக்கு ஆறியிருக்கும். சோறு போட்டாள், துணி துவைத்தாள், வேலைக்கு வந்தாள். விரிப்பு மடிக்கும்போது கைக்குக் கை கொடுக்கிற இடத்தில் மட்டும் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என் மேல கோவமா?" என்று அவன் கேட்டால், "எதுக்கு?" என்பாள். அந்த "எதுக்கு"க்குப் பதில் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம் பெண் பிறந்தது. பிறந்த மறுநாளே மனைவிக்கு உதிரம் நிற்காமல் போயிற்று. கூடத்துக்கு ஆள் வந்து சொல்ல, நனைந்த முன்துணியோடு அவன் ஓடினான். அவள் உதட்டில் ரத்தமே இல்லை. பக்கத்தில் சுற்றி வைத்த குழந்தை. அவன் குனிந்ததும், காற்றாக வந்த குரலில் அவள் சொன்னாள்:

"மாறான்னு கூப்பிடுங்க."

அவனுக்குப் புரிந்துபோயிற்று. இத்தனை நாளும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். நான் மாறவில்லை, உன்மேல் வைத்தது மாறாது என்கிறாள். அதைப் பிள்ளைக்குப் பேராகவே வைத்துவிட்டாள். அவன் குழந்தையைப் பார்த்து, "மாறா... மாறாக்குட்டி" என்று கூப்பிட்டான். "நல்ல பேரு" என்று அவளிடம் சொன்னான். அவள் அவனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உதடு மெல்ல விரிந்தது. சாயங்காலம் போய்விட்டாள்.

பிரசவ வார்டு விரிப்புகளுக்கு ஓரத்தில் சிவப்பு நூல் தைத்திருக்கும். அடக்கம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய அன்றும் சிவப்பு நூல் விரிப்புகள் வந்தன. எது அவள் படுத்தது என்று தெரியாது. வெந்நீர்த் தொட்டிக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான். அவன் ஒவ்வொன்றாக உருளைக்குக் கொடுத்தான். அந்த ஒரு பேர் மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்குக் கையையும் சேர்த்துக் கொடுத்திருப்பான் என்று பின்னால் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். பையன் விஷயத்தில் அவள் தன்னை மன்னித்துவிட்டுத்தான் போனாள் என்ற அந்த நம்பிக்கையில்தான் சாப்பிட்டான், தூங்கினான், பிள்ளைக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டான்.

இப்படி இருக்கும்போதுதான் பெரியம்மா வந்தாள். மனைவிக்கு மூத்தவள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நேரம் பார்த்து, ஒரு தகரப் பெட்டியோடு மழையில் வந்து இறங்கினாள். தங்கையை அடக்கம் செய்த அன்று வந்தவள், அன்றே திரும்பிப் போயிருந்தாள். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அந்த அப்பாவும் போன மாதம் கண்ணை மூடிவிட்டார்.

அவளுக்குத் தேனீ என்று பட்டப்பேர். அவள் அப்பா பிள்ளைகளுக்கு வேதத்தில் வருகிற எபிரேயப் பேராகப் பார்த்து, அர்த்தம் பார்த்து வைத்தவர். மூத்தவள் பேருக்குத் தேனீ என்று பொருள். இளையவள் பேருக்கு இனிமையானவள் என்று பொருள். தேனும் தேனீயும் ஒரே வீட்டில் என்று ஊரே சொல்லும். பட்டப்பேருக்குக் குறைவில்லாமல் பெரியம்மா வந்த அன்றே கொட்ட ஆரம்பித்தாள். பால் பாத்திரம் அடிப்பிடித்திருக்கிறது என்றாள். பிள்ளையின் சட்டைக்குப் பித்தான் இல்லை என்றாள். முட்டையை இப்படி வேகவைத்தால் மனுஷன் தின்பானா என்றாள். சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் தேய்த்தாள், பித்தானைத் தைத்தாள், ரொட்டியைச் சுட்டு முட்டையை மசித்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். அதுவும் வாயை வாயைத் திறந்துகொண்டு அவள் மடியிலேயே கிடந்தது. அவளும் அதைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். புதுசாக நல்ல தமிழில் உருளைக்காரனே யோசித்து வைத்த பேர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவனும் அவளிடம் அதற்கு மேல் சொன்னதில்லை.

மழை விடவில்லை. கூடத்தில் உலர்த்துகிற இயந்திரம் ஒன்று படுத்துக்கொள்ள, ஈர விரிப்பு மலையாகக் குவிந்தது. மடிக்கிறவர்களில் பாதிப்பேருக்குச் சளிக்காய்ச்சல். நாள்கூலிக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மேற்பார்வை அம்மாள் சொன்னதும், "வீட்ல உக்காந்து சுவத்தையா பாக்கறது? நான் வரேன்" என்று பெரியம்மா கிளம்பிவிட்டாள். பிள்ளையைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

அவளுக்குக் கை பழகச் சிறிது நேரம் பிடித்தது. பழகியதும் உதறுகிற உதறு தங்கையின் உதறு போலவே இருந்தது. அதனாலோ என்னவோ, அவன் வாயைத் திறந்தான். வீட்டு விஷயத்தை அவனாக எடுத்துச் சொல்கிற ஆள் இல்லை. முனையைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும்போது அவள்தான் கேட்டாள்.

"பேரு நல்லாத்தான் இருக்கு தம்பி. எப்படித் தோணிச்சு?"

"எனக்கு எங்கக்கா தோணும்? அவதான் சொன்னா. கடைசியா."

"என்னன்னு சொன்னா?"

"மாறான்னு கூப்பிடுங்கன்னா."

"அப்படியேவா சொன்னா? பிள்ளைய மாறான்னு கூப்பிடுங்கன்னா?"

"பிள்ளையன்னெல்லாம் சொல்லல. மூச்சு எங்க இருந்துச்சு அவளுக்கு? மாறான்னு கூப்பிடுங்க. அவ்ளோதான்."

அவள் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. தரையில் விழுந்தது மறுபடி தொட்டிக்குத்தான் போக வேண்டும். கை வழுக்கிவிட்டது என்று பெரியம்மா முனகினாள். அதற்கப்புறம் அன்று முழுவதும் அவள் யாரையும் கொட்டவில்லை. வீட்டுக்கு வந்தும் கொட்டவில்லை. பால் மறுபடி அடிப்பிடித்தது, அவளே அடிப்பிடிக்க விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளை கீழ்வீட்டில் துணி நறுக்குகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது, அவள் பேச்சை எடுத்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பேரை மாற்றிவிடலாம் என்றாள். அவன் சிரித்தான். மாறாவை மாற்றுவதா என்று வேடிக்கையாகக் கேட்டான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"என்னக்கா விஷயம்?"

"சொல்லாம இருந்துடலாம்னுதான் பாத்தேன். முடியல. மாரா எங்க வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு தம்பி. எபிரேயச் சொல்லு. சின்ன ர."

"சரி. அர்த்தம்?"

"கசப்பு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, வாசித்துக் காட்டுகிற குரலில் இல்லாமல், பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். வேதத்தில் ஒரு கதை: பாலைவனத்தில் தாகத்தோடு நடந்த ஜனம் ஒரு தண்ணீரைக் கண்டுபிடித்ததாம். வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு கசப்பு. அந்த இடத்துக்கு மாரா என்றே பேர் வைத்துவிட்டார்கள். சொல்லின் ஊற்று அதுதான். அதிலேயே அப்புறம் ஒரு பெண். பிழைக்கப் போன இடத்தில் புருஷனையும் இரண்டு பையன்களையும் மண்ணில் வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி வருகிறாள். ஊர்ப் பெண்கள் ஓடிவந்து, நீதானா இது என்று பேரைச் சொல்லிக் கேட்கிறார்கள்.

"அவ பேருக்கு இனிமைன்னு அர்த்தம்" என்றாள் பெரியம்மா. "என் தங்கச்சிக்கு எங்கப்பா வச்சதும் அதே பேருதான். அந்தம்மா சொல்லுவா, என்னை அந்தப் பேர் சொல்லாதீங்க, மாரான்னு கூப்பிடுங்கன்னு. சின்னதுல எங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா இவ மூலையில போய் உக்காந்துக்குவா. சாப்பிட வாடீன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா, என்னை மாரான்னு கூப்பிடும்பா. அப்பா விழுந்து விழுந்து சிரிப்பாரு."

"அப்போ பிள்ளைக்கு..."

"பிள்ளைக்கு அவ பேரே வைக்கல தம்பி. தன்னைச் சொல்லியிருக்கா."

வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. சாகிற நேரத்தில் யாராவது கதை சொல்வார்களா என்று கேட்டான். உங்கள் வீட்டுக்கு என்னை அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது, அதனால்தான் இருக்கிற ஒன்றையும் பிடுங்குகிறீர்கள் என்றான். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள். தேனீ கொட்டாமல் இருந்ததே அவனுக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. கோபம் இறங்கிவிட்டது. அதற்குக் கீழே இருந்தது மேலே வந்தது.

"நான் நல்ல பேருன்னு சொன்னேன்க்கா" என்றான்.

"தெரியாம சொன்னீங்க."

"காலையில பாத்துக்கலாம்னும் தெரியாமதான் சொன்னேன்."

அவளுக்கு அந்த விஷயம் தெரியும். தங்கை அவளிடம் சொல்லியிருந்தாள். என்ன சொன்னாள், என்னை வைதாளா என்று கேட்டான். வையவில்லை, ஆனால் இனிமேல் எதுவும் ருசிக்காது என்று ஒரு தடவை சொன்னாள் என்றாள் பெரியம்மா. அதைக் கேட்டு அவன் முகத்தை மூடிக்கொண்டான். மனசில் இருந்ததை அவள் அவனிடம் ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுச் சொன்னாள். அதையும் அவன் பிள்ளைக்குப் பேராக்கி, தனக்குச் சாதகமாக அர்த்தம் பண்ணி, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். வெட்கமும் துக்கமும் சேர்ந்து அவனை உட்கார விடவில்லை, எழுந்திருக்கவும் விடவில்லை.

முகத்திலிருந்து கையை எடுத்து, "சிரிச்சாளேக்கா" என்றான். "நான் பிள்ளைய அப்படிக் கூப்பிட்டதும் என்னையே பாத்துட்டிருந்தா. அப்புறம் சிரிச்சா. அது நிஜம். அது என் கண்ணால பாத்தது."

"எதுக்கு சிரிச்சான்னு எனக்குத் தெரியாது தம்பி. திருத்தறதுக்குத் தெம்பில்லாம விட்டாளோ, இந்த மனுஷன் நல்லபடியா நினைச்சுக்கிட்டுப் போகட்டும்னு விட்டாளோ. தெரிஞ்ச மாதிரி நான் சொன்னா அது பொய்."

அந்த ஒரு பொய்யை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான். ஆனால் படுத்தபடுக்கையாய்க் கிடந்த ஒரு மனுஷரை வருஷக்கணக்காகப் பார்த்தவளுக்கு ஆறுதல் வார்த்தைகளில் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. எழுந்து அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். பிள்ளைக்கு அம்மாவின் பேரையே வைத்துவிடுவோம், இனிமை என்று இருக்கட்டும், கசப்பு என்று ஒரு பிள்ளையைக் கூப்பிட வேண்டாம் என்றாள். தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது.

சாயங்காலம் பிள்ளை மாடி ஏறி வந்தது. தலை முழுக்க நூல் துண்டு. அப்பாவின் கால்களைக் கட்டிக்கொண்டு, தையல்காரம்மா தனக்குப் பை ஒன்று தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொல்லிற்று. வழக்கமாக அவன் பேர் சொல்லித்தான் அதைத் தூக்குவான். அன்றைக்கு அந்தப் பேரைச் சொல்லவில்லை. "வாம்மா" என்று மட்டும் சொல்லித் தூக்கினான். பெரியம்மாவும் அன்று முழுக்க "கண்ணு, கண்ணு" என்றே கூப்பிட்டாள். பேரே இல்லாத வீடு போல இருந்தது.

திங்கட்கிழமை காலை மழை விட்டிருந்தது. பெரியம்மா ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தாள். பிள்ளை பின்கட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தது. உருளைக்காரன் சமையல்கட்டு மேசைமேல் கம்பளியை விரித்து, பள்ளிக்கூடத்துக்குப் போட வேண்டிய புதுச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய உருளைக்கு நின்று பழகியவனுக்கு அந்தச் சின்னச் சட்டையின் கழுத்துப்பட்டி மடங்க மாட்டேன் என்றது.

பேரை மாற்றுவதா விடுவதா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தான். யோசனை அங்கே நிற்காமல் வேறு எங்கோ போயிற்று. அவள் அவனிடம் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறாள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஒரு பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். என் கசப்பு இதுதான், அதைத் தெரிந்துகொண்டு என்னைக் கூப்பிடு என்றிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவன் ஆயிரம் தடவை அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறான், ஒரு தடவைகூட அவளைக் கூப்பிட்டதில்லை. மன்னித்தாளா இல்லையா என்பது இனி அவனுக்குத் தெரியப்போவதில்லை. கேட்டதையாவது செய்யலாம்.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அடுப்புப் பக்கம் திரும்பி, அவள் அங்கே நின்றால் எந்தக் குரலில் கூப்பிடுவானோ அந்தக் குரலில் கூப்பிட்டான்.

"மாரா."

"என்னப்பா?" என்று பின்கட்டிலிருந்து பதில் வந்தது. கூடவே ஆளும் வந்தது, வாய் நிறைய நுரையும் கையில் பிரஷுமாக.

அவனால் அழுகையை மறைக்க முடியவில்லை. பிள்ளை அருகில் வந்து அண்ணாந்து பார்த்தது.

"ஏம்ப்பா அழற? என்னைக் கூப்பிட்டியே?"

"உன்ன இல்லம்மா. அம்மாவக் கூப்பிட்டேன்."

"அம்மாவுக்கும் என் பேரா?"

அவன் முட்டி போட்டு உட்கார்ந்து, தன் சட்டை நுனியால் அதன் வாயைத் துடைத்துவிட்டான்.

"அம்மா பேருதான் உனக்கு" என்றான்.

பிள்ளை கையிலிருந்த பிரஷை ஒரு சுற்றுச் சுற்றியது. "அம்மாவக் கூப்பிட்டா நான் எதுக்கு வந்தேன்?" என்றது.

"கூப்பிட்டா யாராவது ஒருத்தர் வரணுமில்லம்மா."

பிள்ளைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தலையை ஆட்டிவிட்டு வாய் கொப்பளிக்கப் போயிற்று.